நடுவர் தீர்ப்பே இறுதியானது

சிறுகதைப் போட்டி அறிவிப்பு வந்தால் எழுதுகிற ஆள் முதலில் பார்ப்பது பரிசுத் தொகையை, அடுத்தது கடைசித் தேதியை. அவற்றுக்குக் கீழே பொடி எழுத்தில் சில நிபந்தனைகள் இருக்கும். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். கதை சொந்தக் கற்பனைதான், தழுவலோ மொழிபெயர்ப்போ இல்லை என்று உறுதிமொழி தர வேண்டும். தேர்வு பெறாத கதைகளைத் திருப்பி அனுப்ப இயலாது. கடிதப் போக்குவரத்து கூடாது. நடுவர் தீர்ப்பே இறுதியானது. தாள் போய் யூனிகோடு வந்துவிட்டது, தபால் போய் மின்னஞ்சல் வந்துவிட்டது. கடைசி இரண்டு வரிகள் மட்டும் தலைமுறை தலைமுறையாக அப்படியே அச்சாகின்றன.

தமிழில் ஒருவர் எழுத்துக்குள் நுழைய மூன்று வாசல்கள் இருந்திருக்கின்றன: போட்டி, கூட்டம், வகுப்பு. வகுப்பைப் பட்டறை என்றும் முகாம் என்றும் சொல்கிறார்கள். கூட்டத்துக்கு வட்டம், மன்றம், கழகம், சந்திப்பு என்று எத்தனையோ பெயர்கள். இந்த மூன்றும் நம் எழுத்துக்கு என்ன கொடுத்தன, எதைக் கொடுக்காமல் விட்டன என்பதே இங்கே கேள்வி. என் கட்சியை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மேடைக்கும் பரிசுக்கும் நமக்குப் பஞ்சமில்லை. கைப்பிரதியைப் படித்துவிட்டு, இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது என்று எழுதியவரிடம் சொல்கிற ஆளுக்குத்தான் பஞ்சம்.

போட்டியை ஏளனமாகப் பேசுவது தீவிர இலக்கியக்காரர்களிடையே ஒரு வழக்கம். வரலாறு அவர்களுக்குச் சாதகமாக இல்லை. ஆனந்த விகடன் முப்பதுகளின் தொடக்கத்தில் நடத்திய சிறுகதைப் போட்டிக்காகத்தான் பி.எஸ். ராமையா தன் முதல் கதை 'மலரும் மணமும்' எழுதினார். அதே ராமையா 1935-இல் 'மணிக்கொடி'யைச் சிறுகதைக்கென்றே ஒரு பத்திரிகையாக மாற்றினார். புதுமைப்பித்தனும் மௌனியும் எழுதிய மணிக்கொடியைப் போட்டிக் கதைக்கு எதிர்முனையில் வைத்துத்தான் நாம் பேசுகிறோம். அதன் ஆசிரியர் ஒரு வாரப் பத்திரிகைப் போட்டியின் வழியாக எழுத வந்தவர்.

நாவலுக்கும் இப்படித்தான். அகிலனின் 'பெண்' கலைமகள் நடத்திய நாராயணசாமி ஐயர் நினைவு நாவல் போட்டியில் பரிசு வாங்கியது. கல்கி இதழின் வெள்ளிவிழா நாவல் போட்டியில், 1966-இல், உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' முதல் பரிசு பெற்றது. பன்னிரண்டு வருஷம் கழித்து மகேந்திரன் அதைப் படமாக்கியபோது நாவலை வெகுதூரம் மாற்றினார். ஆனாலும் கதையின் மையமான அந்த அண்ணனும் தங்கையும் ஒரு போட்டிக்காகப் பிறந்தவர்கள். பின்னால் ஜெயமோகனின் 'ரப்பர்' அகிலன் நினைவு நாவல் போட்டியில் பரிசு பெற்று அச்சுக்கு வந்தது. போட்டியில் வென்று அறிமுகமானவரின் பெயரிலேயே அடுத்த தலைமுறைக்கு ஒரு போட்டி.

போட்டி செய்த பெரிய காரியம் என்று நான் நினைப்பது பெண்கள் விஷயத்தில். ராஜம் கிருஷ்ணன் கல்லூரிப் பக்கம் போகாதவர், பதினைந்து வயதில் கல்யாணம் ஆனவர், கணவரின் வேலை மாற்றத்தோடு ஊர் ஊராகக் குடியிருந்தவர். 1953-இல் அவருடைய 'பெண் குரல்' கலைமகள் பரிசு பெற்றது. சில வருஷங்களில் 'மலர்கள்' ஆனந்த விகடன் நாவல் போட்டியில் பரிசு வாங்கியது. அந்தக் காலத்தில் சாயங்கால இலக்கியக் கூட்டத்துக்குத் தனியாகப் போய் உட்கார அவரைப் போன்ற ஒருவருக்கு வழி இருந்திருக்காது. தபால் பெட்டிக்குப் போக வழி இருந்தது. போட்டி ஆளைப் பார்க்காது, சாதி கேட்காது, எந்த ஆசிரியரிடம் அறிமுகக் கடிதம் இருக்கிறது என்று விசாரிக்காது. குறைந்தபட்சம் விதிப்படி அப்படித்தான். பெயரை மறைத்துவிட்டுக் கதையை மட்டும் நடுவரிடம் கொடுக்கும் வழக்கம் ஒழுங்காக நடந்த இடங்களில், பின்புலம் இல்லாதவர்களுக்கு இதைவிட நேர்மையான வாசல் வேறு இருந்ததில்லை.

ஒரு வடிவத்தையே தூக்கி நிறுத்திய போட்டியும் உண்டு. குறுநாவல் என்பது வாரப் பத்திரிகைக்கு நீளம், புத்தகமாகப் போடச் சின்னது. பதிப்பாளர் கைவிட்ட இந்த வடிவத்துக்குக் கணையாழி தி. ஜானகிராமன் நினைவாகப் போட்டி வைத்தது. அங்கே வந்த குறுநாவல்களில் பலவற்றுக்கு வேறெங்கும் இடம் கிடைத்திருக்காது. அண்மையில் 'அரூ' இதழ் அறிவியல் புனைவுக்கு மட்டும் என்று அறிவித்த போட்டியும் இதே வகை. சுஜாதாவுக்குப் பிறகு யார் என்று அலுப்போடு கேட்டுக்கொண்டிருந்த துறையில் புதுப் பெயர்கள் ஒரு தொகுப்பாகவே வந்து நின்றன. "எந்தத் தலைப்பிலும் எழுதலாம்" என்கிற போட்டியைவிட, ஒரு வடிவத்தையோ துறையையோ குறிவைக்கும் போட்டிக்கு வேலை செய்யும் சக்தி அதிகம்.

போட்டி வைக்காமலே பரிசு தருகிற ஒரு வழியும் நமக்குத் தெரியும். 1970-இல் சென்னையில் தொடங்கிய 'இலக்கியச் சிந்தனை' அமைப்பு யாரையும் கதை அனுப்பச் சொல்லவில்லை. அந்த மாதம் பத்திரிகைகளில் வெளியான கதைகளை ஒருவர் படித்து, சிறந்த கதை என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் என்று மாதக் கூட்டத்தில் பேச வேண்டும். பன்னிரண்டு மாதக் கதைகளில் ஆண்டின் சிறந்த கதை ஒன்று. எல்லாம் சேர்ந்து ஒரு தொகுப்பு. பரிசுத் தொகை பெரிதில்லை. ஆனால் வாரப் பத்திரிகை, சிறுபத்திரிகை என்று பார்க்காமல் ஒரு மாதத்துக் கதைகளையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து படித்தார், காரணத்தோடு பேசினார். போட்டிகளில் இந்தக் காரணம் சொல்லும் பகுதிதான் காணாமல் போய்விடுகிறது. அந்த வருஷத் தொகுப்புகளை வரிசையாக வைத்துப் படித்தால் தமிழ்ச் சிறுகதை எந்தெந்த வருஷம் எதைப் பற்றிக் கவலைப்பட்டது என்று தெரியும்.

நடுவர் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் பார்க்க வேண்டும். போட்டிக் கதைகளைப் படித்து மதிப்பெண் போடும் வேலையை நானும் செய்திருக்கிறேன். கட்டுக் கட்டாக வரும். முதல் பக்கத்தில் அலாரம் அடிக்கும், அல்லது செல்போன் ஒலிக்கும், அல்லது மழை பெய்யும். முதியோர் இல்லத்தில் அம்மா, அமெரிக்காவில் மகன். கடைசி வரியில் ஒரு திடுக்கிடல். எழுதத் தெரியாதவர்கள் என்று இவர்களைத் தள்ளிவிட முடியாது. இதற்கு முந்தைய வருஷம் பரிசு வாங்கிய கதைகளைப் படித்துவிட்டு, நடுவருக்கு இதுதான் பிடிக்கும் என்று புத்திசாலித்தனமாக ஊகித்தவர்கள்.

கட்டோடு ஒரு மதிப்பெண் தாளும் வரும். கரு, நடை, உத்தி, முடிவு, சமூகப் பயன் என்று ஐந்து பத்திகள், தலைக்கு இருபது. மூன்று நடுவர்கள் தனித்தனியாகப் போட்டு அனுப்ப, அமைப்பாளர் கூட்டிச் சராசரி எடுப்பார். இதில்தான் சூட்சுமம். கொஞ்சம் கோணலான, புதிதான கதைக்கு ஒருவர் 90 போடுவார், இன்னொருவர் 35, மூன்றாமவர் 50. சராசரி 58. எவரையும் சங்கடப்படுத்தாத கதைக்கு 70, 68, 72. சராசரி 70, முதல் பரிசு. யாரும் தவறு செய்யவில்லை, எல்லாரும் நேர்மையாகவே இருந்தார்கள், ஆனாலும் மூன்று பேரில் ஒருவர் கூடத் தலையில் தூக்கிவைத்து ஆடாத கதை ஜெயித்துவிடுகிறது. நடுவர்களை ஒரு மேஜையில் உட்காரவைத்துச் சண்டை போடவிட்டால் இது பாதி தீரும். அதற்குப் போக்குவரத்துச் செலவும் ஒரு மத்தியானச் சாப்பாடும் ஆகும் என்பதால் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

வாசகரே நடுவர் என்ற புது ஏற்பாடு இதைத் தீர்க்கும் என்று கொஞ்ச காலம் நம்பினார்கள். அமேசான் கிண்டில் நடத்திய 'பென் டு பப்ளிஷ்' போட்டியில் தமிழும் சேர்ந்தபோது, விற்பனையும் வாசகர் மதிப்புரையும் தேர்வுக்குக் கணக்கில் எடுக்கப்பட்டன. விளைவு எதிர்பார்த்ததுதான். ஃபேஸ்புக்கில் எழுதுகிறவர்கள் நண்பர்களிடம் ஐந்து நட்சத்திரம் கேட்டு வாக்குச் சேகரித்தார்கள். அதையும் மீறி நல்ல எழுத்தாளர் சிலர் அதன் வழியாக வந்தார்கள். பதிப்பாளர் வாசலில் காத்திருக்காமல் புத்தகம் போடலாம் என்ற தைரியம் நிறையப் பேருக்கு வந்தது. அந்த அளவுக்கு அதை வரவேற்கலாம்.

கூட்டத்துக்கு வருவோம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடிய வட்டத்தொட்டியைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அங்கே யாரும் கட்டுரை வாசிக்கவில்லை. ஒரு கம்பன் பாட்டை எடுத்து, நிறுத்தி, திருப்பிச் சொல்லி, எந்தச் சொல்லில் பாட்டு எழும்புகிறது என்று கூடியிருந்தவர்களுக்குக் காட்டினார் டி.கே.சி. படைப்பாளி உருவாகும் இடமாக அது தன்னை நினைத்துக்கொள்ளவில்லை, ரசிகன் உருவாகும் இடம் அது. 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகம் அதே ரசனையை ஊர்த் திருவிழாவின் அளவுக்குப் பெரிதாக்கியது. கழகங்கள் ஊருக்கு ஊர் பரவின. அவற்றின் வழிவந்த பட்டிமன்றம் தொலைக்காட்சிக்குப் போய் என்ன ஆயிற்று என்பது வேறு கதை. தீபாவளி காலை டிவியைப் போட்டால் தெரிந்துகொள்ளலாம்.

எழுதுகிறவர்களின் கூட்டம் இதிலிருந்து வேறானது, பெரும்பாலும் சின்னது. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமியின் வீட்டில் 'காகங்கள்' என்ற பெயரில் கூடினார்கள். கோவில்பட்டியில் தேவதச்சனின் கடையைச் சுற்றி ஒரு தலைமுறையே பேசிப் பேசி வளர்ந்தது. யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா 1966-இல் 'மல்லிகை'யைத் தொடங்கி, முடிதிருத்தும் நிலையத்திலிருந்தே இதழை நடத்தினார். சவரத்துக்கு வந்தவரும் கதை கொண்டுவந்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தலித் ஒருவரின் தொழிலிடம் ஒரு சமூகத்தின் இலக்கிய முகவரியாக ஆனது. எந்த விழா மேடையும் செய்யாத காரியம் அது.

அமைப்பாகத் திரண்ட கூட்டங்களில் இடதுசாரிகளுடையதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம் 1961-இல் தொடங்கிய கலை இலக்கியப் பெருமன்றமும், 1975-இல் மதுரையில் உருவான முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் கிளை என்ற ஒன்றைக் கொண்டுவந்தன. தாலுகா அளவில் ஒரு கிளை, மாதம் ஒரு கூட்டம், கூட்டத்தில் உறுப்பினர் எழுதிய கதையோ கவிதையோ வாசிப்பு. மேலாண்மை பொன்னுச்சாமி ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர், மேலாண்மறைநாடு கிராமத்தில் சின்னக் கடை வைத்திருந்தவர். 'செம்மலர்' இதழிலும் இந்தச் சங்கத்திலும் வளர்ந்து 2007-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றார். கொள்கைக்குத் தகுந்தாற்போல் கதை முடிய வேண்டும் என்ற நெருக்கடி அந்தக் கிளைகளில் இருந்தது. அதற்கான விலையும் பல கதைகளில் தெரிகிறது. ஆனால் பலசரக்குக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் போய் உங்கள் கதையை வாசியுங்கள் என்று வேறு யார் கேட்டார்கள்?

புலம்பெயர்ந்தவர்கள் இன்னொரு மாதிரியைக் கண்டுபிடித்தார்கள். 1988-இல் ஜெர்மனியில் தொடங்கிய 'இலக்கியச் சந்திப்பு'க்குத் தலைவர் கிடையாது, நிரந்தர அலுவலகம் கிடையாது. அடுத்தது எந்த நகரம் என்று ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் தீர்மானிப்பார்கள்; அந்த நகரத்து நண்பர்கள் செலவையும் சமையலையும் ஏற்றுக்கொள்வார்கள். ஐரோப்பிய நகரங்களைச் சுற்றி, கனடா போய், போருக்குப் பின் 2013-இல் யாழ்ப்பாணத்திலும் கூடியது. உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர்கள், ஒருவரையொருவர் நம்பாத அரசியல் பிரிவுகளைச் சேர்ந்தவர்கள், கதையையும் கவிதையையும் காரணமாக வைத்து ஒரே அறையில் உட்கார்ந்து சண்டை போட முடிந்தது. பொன்னாடை இல்லாமலே இத்தனை வருஷம் ஒரு கூட்டம் ஓடும் என்பதற்கும் இது சாட்சி.

பொன்னாடை என்றதும் நம்மூர் நூல் வெளியீட்டு விழாதான் நினைவுக்கு வருகிறது. அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். வரவேற்புரை, முன்னிலை, தலைமை, நூலை வெளியிடுபவர், முதல் பிரதி பெறுபவர், வாழ்த்துரை ஏழு பேர், அதற்குப் பிறகு நூல் ஆய்வுரை, ஏற்புரை, நன்றியுரை. ஆறு மணி என்று போட்டிருந்தால் ஆறே முக்காலுக்குத் தமிழ்த்தாய் வாழ்த்து. வாழ்த்துரைக்காரர்கள் நூலாசிரியரின் குணநலனையும், அவருடைய தந்தையைத் தமக்குத் தெரிந்த விதத்தையும் சொல்லி முடிக்கும்போது எட்டு மணி. நூலை உண்மையிலேயே படித்து, பக்க ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வந்திருக்கும் ஒரே ஆள் ஆய்வுரைக்காரர். அவர் எழுந்து மூன்றாம் நிமிஷத்தில் துண்டுச் சீட்டு வரும்: "சுருக்கமாக." மண்டபத்தை ஒன்பதுக்குக் காலி செய்ய வேண்டும்.

நல்ல பேச்சு மண்டபத்துக்கு வெளியே, டீக்கடையில்தான் நடக்கும் என்பது இலக்கிய உலகத்தில் எல்லாருக்கும் தெரியும். கூட்டம் முடிந்து பத்து மணிக்கு மேல் நின்றுகொண்டே பேசி, கடைசிப் பஸ்ஸை விட்டுவிட்டு, நண்பர் அறையில் விடிய விடியப் பேசியதைப் பற்றி நம் எழுத்தாளர்கள் நெகிழ்ந்து எழுதாத கட்டுரை இல்லை. அந்த டீக்கடையில் பெண் யாரும் இருந்ததில்லை என்பதைக் கவனித்து எழுதியவர் மிகக் குறைவு. கூட்டம் என்ற வாசல் ஆண்களுக்கு அகலமாகத் திறந்திருந்த வாசல். கொரோனா காலத்தில் கூட்டங்கள் ஜூமுக்குப் போனபோது முதல் தடவையாக அது கொஞ்சம் மாறியது. சமையலறையிலிருந்து காதில் ஹெட்போனோடு கேட்டவர்கள், பிறகு கேமராவைத் திறந்து பேசவும் செய்தார்கள்.

அரசின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2022-23-இல் தமிழக அரசு பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி, சென்னை என்று ஐந்து இலக்கியத் திருவிழாக்கள் நடத்தியது. எழுத்தாளர்களை மரியாதையோடு அழைத்து, போக்குவரத்தும் சன்மானமும் கொடுத்து, ஏராளமான மாணவர்கள் முன்னால் பேசவைத்தது நல்ல காரியம். எழுதிய ஒரு மனிதரை நேரில் பார்ப்பதே அந்தப் பிள்ளைகளில் பலருக்கு முதல் அனுபவமாக இருந்திருக்கும். எழுதுவதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு குறைவு. அதை எதிர்பார்க்கவும் கூடாது.

இனி வகுப்பு. எழுத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது, அது உள்ளிருந்து வர வேண்டும் என்பது நம் எழுத்தாளர்களில் பெரும்பாலோரின் நம்பிக்கை. பேட்டிகளில் தவறாமல் வரும் வாக்கியம். இந்த நம்பிக்கை பழந்தமிழ் மரபிலிருந்து வந்ததில்லை என்பதுதான் வேடிக்கை. திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871-இல் மாயூரத்தில் போய்ச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர் அங்கே கண்டது, இன்றைய கணக்கில் சொன்னால், முழுநேரப் படைப்பெழுத்து வகுப்பு. ஆசிரியர் வாய்மொழியாகப் பாட்டுக் கட்டிச் சொல்லிக்கொண்டே போவார், ஒருவர் ஏட்டில் எழுதுவார். ஒரு செய்யுள் எப்படி மனசில் உருவாகி வெளியே வருகிறது என்பதை மாணாக்கர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்களும் பாட்டு எழுதிக் கொடுத்தார்கள், ஆசிரியர் திருத்தினார். அந்தாதியும் யமகமும் பழக்கத்தால் வருபவை என்பதில் அன்று யாருக்கும் சந்தேகம் இல்லை. சங்கீதத்துக்கும் பரதத்துக்கும் இன்றும் சந்தேகம் இல்லை. உரைநடைக் கதை வந்த பிறகுதான், அது அச்சு இயந்திரத்தோடும் தனி மனிதனோடும் சேர்ந்து வந்ததாலோ என்னவோ, குரு என்ற ஏற்பாடே கழன்று விழுந்துவிட்டது.

விழுந்ததை முதலில் எடுத்து ஒட்டிப் பார்த்தவர்கள் தமிழ்நாட்டில் இல்லை, மலாயாவில் இருந்தார்கள். 1950-இல் கோலாலம்பூர் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' என்ற பகுதியைத் தொடங்கினார்கள். பத்திரிகையே பள்ளிக்கூடம். பாடம் அச்சில் வரும், வாசகர்கள் எழுதி அனுப்ப வேண்டும், தேர்வும் உண்டு. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்களும் அங்கே வாத்தியாராக இருந்தவர்களும் எழுத உட்கார்ந்தார்கள். கதைக்குத் தேர்வா என்று சிரிக்கலாம். ஆனால் மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை எழுதுகிற எவரும் அந்த வகுப்பைத் தாண்டிப் போக முடிவதில்லை. இரண்டு வருஷம் கழித்து அதே பத்திரிகைக்கு ஆசிரியராகப் போன கு. அழகிரிசாமி, 1957 வரை அங்கே இருந்து, உள்ளூர் எழுத்தாளர்களைச் சேர்த்து வைத்து இலக்கியம் பேசினார். இடைசெவலில் கி. ராஜநாராயணனோடு பேசிப் பழகிய பழக்கத்தை அவர் கடல் கடந்து கொண்டுபோனார் என்று எனக்குத் தோன்றும்.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய முயற்சி ரா.கி. ரங்கராஜனுடையது. 'எப்படிக் கதை எழுதுவது' என்று அவர் தபால் வழியில் பாடம் நடத்தினார், பிறகு அது புத்தகமாகவும் வந்தது. அகிலன் 'கதைக் கலை' எழுதினார். சுஜாதா திரைக்கதைக்குக் கையேடு எழுதினார். இவற்றைத் தீவிர இலக்கியம் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழில் செய்ததும் பாடம் நடத்துவதுதான். வந்த கவிதைகளைத் தேர்ந்து, அருகருகே போட்டு, எது ஏன் கவிதை என்று பக்கம் பக்கமாக எழுதி, 1962-இல் 'புதுக்குரல்கள்' என்று தொகுத்துக் காட்டினார். யாப்பைக் கைவிட்ட கவிதைக்கு ஒரு இலக்கணத்தைப் போல அந்தத் தொகுப்பு வேலை செய்தது.

எண்பதுகளிலிருந்து பட்டறை என்ற பெயர் பரவுகிறது. குற்றாலத்தில் கலாப்ரியா கூட்டிய கவிதைச் சந்திப்புகளுக்கு எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்த கவிஞர்களும் வந்தார்கள். அருவி பக்கத்தில் இருந்ததும் வருகைக்கு ஒரு காரணம் என்று சொல்லிக்கொள்வார்கள். ஊட்டியில் நாராயண குருகுலத்தில் ஜெயமோகன் நடத்திவரும் முகாமுக்கு வேறு ஒழுங்கு. படைப்புகளை முன்கூட்டியே படித்துவிட்டு வர வேண்டும், பேச்சு பிரதியை விட்டு விலகக் கூடாது, தனிப்பட்ட பகைக்கு இடமில்லை. கண்டிப்பு அதிகம் என்று குறைசொன்னவர்கள் உண்டு. அந்த ஒழுங்கில்லாமல் மூன்று நாள் ஒரு கூட்டம் கவிதையை மட்டும் பேசாது என்பதை வேறு இடங்களுக்குப் போய்வந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

இப்போது இணையவழி வகுப்புகள் ஏராளம். நான்கு வார இறுதிகள், ஒரு கட்டணம், முடிவில் சான்றிதழ். கட்டணம் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வீணை வாத்தியாருக்குக் கொடுக்கிறோம், கணக்கு ட்யூஷனுக்குக் கொடுக்கிறோம். ஆட்சேபம் சான்றிதழிலும், வகுப்பின் அமைப்பிலும்தான். நூறு பேர் திரையில் இருக்க, புகழ்பெற்ற ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்லிவிட்டுப் போவது சொற்பொழிவு. மாணவர் எழுதியதை ஆசிரியர் கையில் எடுக்காத வரை அதற்கு வகுப்பு என்ற பெயர் பொருந்தாது. அமெரிக்காவில் ஐயோவா பல்கலைக்கழகம் 1936-இல் தொடங்கிய எழுத்துப் பட்டறையின் பாணி உலகம் முழுக்கப் பரவியது. ஒரு மேஜையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லார் கையிலும் ஒருவருடைய கதையின் நகல், எழுதியவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்க மற்றவர்கள் பேசுவது என்பதே அதன் சாரம். எல்லாரும் ஒரே மாதிரி எழுத வைத்துவிடுகிறது என்று அங்கேயே அதன் மேல் குற்றச்சாட்டு உண்டு. நமக்கு அந்தக் குற்றச்சாட்டு வருவதற்கே இன்னும் நாள் இருக்கிறது.

எழுதியவருக்குப் பதில் சொல்லும் வேலையைத் தமிழில் பல ஆண்டுகள் அஞ்சலட்டை செய்தது. வல்லிக்கண்ணனும் தி.க. சிவசங்கரனும் எங்கோ ஒரு சிற்றிதழில் ஒரு கதை எழுதிய, முன்பின் தெரியாத இளைஞனுக்குக் கார்டு போட்டார்கள். திருநெல்வேலி சுடலைமாடன் தெருவிலிருந்து தி.க.சி.யின் கார்டு வந்தது என்பது பல எழுத்தாளர்களின் நினைவுகளில் வரும் ஒரு முக்கியமான சம்பவம். 'தாமரை' ஆசிரியராக இருந்தபோது வந்த பழக்கம், வேலை முடிந்த பிறகும், கடைசிக் காலம் வரை அவரை விடவில்லை. அந்தக் கார்டுகளில் பாராட்டே அதிகம், விமர்சனம் குறைவு என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் கதையைப் படித்திருக்கிறார் என்பது அதில் தெரியும். வாட்ஸப் குழுவில் கதையைப் போட்ட அரை நிமிஷத்தில் வரும் "அருமை"யில் அது தெரிவதில்லை.

இப்படிப் படித்துப் பதில் சொல்வதைத் தனிமனித நல்லெண்ணத்துக்கே விட்டுவைக்கலாமா என்பதுதான் இப்போது யோசிக்க வேண்டியது. போட்டி நடத்துபவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இறுதிச் சுற்றுக்கு வந்து பரிசு பெறாத இருபது கதைகளுக்கு, நடுவர் ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி எழுதித் தர வேண்டும் என்று நிபந்தனை வைத்து, அதற்குத் தனிச் சன்மானம் கொடுக்கலாம். விழா மேடையில் போர்த்தும் சால்வைகளின் விலையில் அது அடங்கும். நடுவராக வர ஆள் கிடைக்காது என்பார்கள். பணம் கொடுத்தால் கிடைக்கும். இப்போது நடுவர் வேலை பல இடங்களில் இலவசச் சேவையாக இருப்பதால்தான் படிப்பும் அந்த அளவில் இருக்கிறது.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதையைப் பேசுவதற்கான இடத்துக்கும் நாம் அலைய வேண்டியதில்லை. சென்னை மாகாணத்தில் 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பணத்தில் கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் என்று நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் ஊருக்குள் நிற்கின்றன. பல நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது, அதற்குத் தலைவரும் இருக்கிறார். பெரும்பாலும் நூலக வார விழாவின்போது அது விழித்துக்கொள்ளும், போட்டி வைத்துப் பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் பரிசு கொடுக்கும். அதே வட்டம் மாதம் ஒரு பகல் வேளையில் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, இருவர் எழுதியதை எல்லாரும் படித்துவிட்டு வந்து பேசலாம். பகலில், ஊர் நடுவில், நூலகத்தில் என்றால் பெண்களும் வருவார்கள், பிளஸ் டூ படிக்கிற பையனும் வருவான், ஓய்வுபெற்ற தாசில்தாரும் தன் கவிதையோடு வருவார். அவர் கவிதையையும் பொறுமையாகக் கேட்கத்தான் வேண்டும். நகல் எடுக்கும் செலவை யார் ஏற்பது என்று மட்டும் முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். மைக் தேவைப்படாது.